சிதோனியாவின் அறுபத்தைந்து கோடுகள்

எங்கள் மாவட்டத்தில் அறுபத்தொரு கிராமப் பஞ்சாயத்துகள், நான்கு நகரங்கள். கொரோனா வந்த ஆண்டில் அந்த அறுபத்தைந்து ஊர்களுக்கும் சிதோனியா அக்காவின் மேசையில் தனித்தனியாக ஒரு தாள் இருந்தது. ஒவ்வொரு தாளிலும் பென்சிலால் ஒரு கோடு. காலை பத்து மணிக்கு ஆய்வுக்கூடங்களின் பட்டியல் வந்ததும், ஒவ்வொரு கோட்டின் நுனியிலும் ஒரு புள்ளி கூடும். இதையெல்லாம் கணினியும் செய்தது. கணினி சொன்னதைக் கையால் ஒருமுறை போட்டுப் பார்த்த பிறகுதான் அக்கா நம்புவார்.

மாவட்டச் சுகாதார அலுவலகத்தில் எனக்கு எதிர்மேசை. தொற்று வந்தவர்களைத் தொலைபேசியில் அழைத்து, யார் யாரைச் சந்தித்தார்கள் என்று கேட்டு எழுதுவது என் வேலை. அக்காவின் வேலை, எந்த ஊரில் தொற்று என்ன வேகத்தில் பெருகுகிறது என்று சொல்வது.

அதற்காக அவர் எங்கும் படித்தவரல்ல. ரயில்பாதை மாற்றும் தொழிலாளியின் மகள். பத்தொன்பது வயதில் தட்டச்சு செய்ய வந்தவர். மஞ்சள் காமாலை, தட்டம்மை, குளிர்காலச் சளிக் காய்ச்சல் என்று ஆண்டுக்கணக்கில் அட்டவணைகளை அடித்துக்கொண்டிருந்தபோது, பெரிய ஊரில் நாற்பது பேர் என்றால் எல்லோரும் ஓடுவதையும், சின்ன ஊரில் இரண்டு நான்காகி நான்கு எட்டானால் யாரும் திரும்பிப் பார்க்காததையும் கவனித்திருக்கிறார். கிடங்கு அலமாரியில் யாரும் தொடாத ஒரு கட்டு வரைபடத் தாள் கிடந்தது. மேலே போகப் போகக் கட்டங்கள் குறுகிக்கொண்டே வரும் தாள் அது. அதில் போட்டால், இரண்டு நான்காவதும் இருநூறு நானூறாவதும் ஒரே சரிவில் ஏறும். எவ்வளவு பேர் என்பது மறைந்து எவ்வளவு வேகம் என்பது மட்டும் தெரியும். அந்தத் தாளைப் புரிந்துகொள்ள ஒரு மாதம் ஆயிற்று என்று ஒருமுறை சொன்னார். கற்றுக்கொடுக்க ஆளில்லை, தாளே கற்றுக்கொடுத்தது.

எங்கள் தொற்றுநோய்ப் பிரிவின் தலைவர் டாக்டர் லெயோன்தினுக்கு நாற்பது வயது. நல்ல மனிதர், தூக்கமில்லாத மனிதர். ஒரு திங்கட்கிழமை மாவட்ட எண்ணிக்கை பாதியாகக் குறைந்துவிட்டது என்று சந்தோஷமாக அறைக்குள் வந்தார். அக்கா பென்சிலைக்கூடக் கீழே வைக்கவில்லை.

"திங்கக்கிழமை யாரும் குணமாகிறதில்ல டாக்டர். ஞாயித்துக்கிழமை ஆய்வுக்கூடம் லீவு. அவ்வளவுதான்."

அதன்பிறகு அவரும் ஏழு நாள் கூட்டுத்தொகையைத்தான் பார்த்தார்.

சகாரியாவின் தொலைபேசி தினமும் பத்தே காலுக்கு வரும். உல்மோசா கிராமத்துக்காரர், எழுபத்தெட்டு வயது. அவருடைய மனைவி அக்லாயா அதே ஊரின் விளிம்பிலுள்ள முதியோர் இல்லத்தில் இருந்தார். இரண்டு ஆண்டுகளாக நினைவு தேய்ந்துகொண்டிருந்தது. அடுப்பை அணைக்க மறந்து, பிறகு வீட்டுக்கு வழி மறந்து, கடைசியில் பனியில் செருப்பில்லாமல் நடந்த ஒரு நாளுக்குப் பிறகு சகாரியா அவரை அங்கே சேர்த்திருந்தார். சேர்த்த நாளிலிருந்து ஒரு நாள் தவறாமல் போய்ப் பார்த்தவர், அக்டோபர் முதல் வாரத்தோடு நின்றுபோனார். எங்கள் மாவட்டத்தின் விதி அப்படி: கடந்த பதினான்கு நாளில் ஆயிரம் பேருக்கு மூன்று பேருக்கு மேல் தொற்று இருந்தால், அந்த ஊர் முதியோர் இல்லத்தின் கதவு பார்வையாளர்களுக்கு மூடப்படும். தொடர்ந்து மூன்று நாள் மூன்றுக்குக் கீழே இருந்தால், டாக்டர் கையெழுத்துப் போட்டுத் திறப்பார்.

இல்லத்து ஜன்னலுக்குக் கீழே நின்று கையசைத்தும் பார்த்திருக்கிறார் சகாரியா. யாரோ அந்நியன் தோட்டத்தில் நிற்கிறான் என்று அக்லாயா பயந்து அழுதிருக்கிறார். அதோடு அதையும் விட்டுவிட்டார். செவிலி தொலைபேசியைக் காதில் வைத்தால் பேசுவார்கள். நவம்பர் முடிவில் அக்லாயா அவரை இறந்துபோன தன் அண்ணன் பெயரைச் சொல்லி அழைக்க ஆரம்பித்தார்.

இதையெல்லாம் சகாரியா ஒரே நாளில் சொல்லவில்லை. தினமும் ஒரு கேள்வி, அதோடு ஒரு துண்டுச் செய்தி. அப்படித்தான் எங்களுக்குத் தெரிய வந்தது.

"அவ இன்னும் என் பேரை முழுசா விடல சிதோனியாம்மா," என்றார் ஒருநாள். "விடுறதுக்குள்ள ஒரு தடவை உள்ள போய்ட்டா போதும்."

அன்று அக்கா வெகுநேரம் உல்மோசாவின் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

டிசம்பர் பதினான்காம் தேதி, திங்கட்கிழமை. உல்மோசாவில் பதினான்கு நாளில் ஒன்பது பேர். பதிவேட்டில் அந்தப் பஞ்சாயத்தின் மக்கள்தொகை ஆயிரத்து நானூற்றுப் பத்து. ஆயிரத்துக்கு ஆறரைக்குச் சற்றுக் குறைவு. கோடு ஏறிக்கொண்டிருந்தது. அக்கா உல்மோசாவின் தாளை ஜன்னல் கண்ணாடியில் வைத்து, அதன் மேல் பக்கத்து ஊர்களின் தாள்களை ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தார். பக்கத்து மூன்று ஊர்களும் இறங்கிக்கொண்டிருந்தன. பிறகு மாவட்டத் தலைநகரின் தாளை எடுத்து வைத்தார். இரண்டு கோடுகளும் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்தன. அதே சரிவு. ஒன்பது நாளுக்கு ஒருமுறை இரட்டிப்பு.

"லுக்ரேசியா, இங்க வா," என்று என்னை அழைத்தார். "உல்மோசாவுக்கு பஸ் ஓடுதா?"

நவம்பரிலேயே நிறுத்திவிட்டார்கள் என்றேன்.

"அப்போ நாப்பது கிலோமீட்டர் தள்ளி இருக்கிற நகரத்தோட தாளத்துக்கு இந்த ஊரு எப்படி இருமுது? ஒரு ஊரு இருமினா பக்கத்து ஊரோட சேர்ந்துதான் இருமும்."

இன்னொன்றையும் காட்டினார். ஒன்பது பேருக்கும் ஒன்பது வெவ்வேறு வீட்டு எண்கள். கிராமத்தில் தொற்று அப்படிப் பரவாது. ஒரு வீட்டுக்குள் நுழைந்தால் மாமியார், மருமகள், பேரன் என்று முடித்துவிட்டுத்தான் அடுத்த வீட்டுக்குப் போகும்.

எனக்கு அப்போதுதான் விளங்கியது. ஆய்வுக்கூடம் முகவரியை அடையாள அட்டையிலிருந்து எழுதிக்கொள்கிறது. எங்கள் ஊர்ப் பிள்ளைகள் நகரத்துக்குப் போய் வாடகை அறையில் பத்து வருடம் இருந்தாலும், அட்டையில் பெற்றோர் வீட்டு முகவரிதான் இருக்கும். வாடகைக்கு விடுகிறவன் எதையும் எழுதித் தரமாட்டான். பையன்களும் மாற்றிக்கொள்ள மெனக்கெட மாட்டார்கள். நகரத்தில் மூக்கில் குச்சி விட்டால் காய்ச்சல் கிராமத்துக் கணக்கில் ஏறும்.

ஒன்பது பேரையும் அழைக்கச் சொன்னார். எங்கே குடியிருக்கிறீர்கள் என்று கேட்காதே என்றார். கேட்டால், பயத்தில் அட்டையில் உள்ளதைத்தான் ஒப்பிப்பார்கள். "காய்ச்சல் வர்றதுக்கு முந்தி கடைசியா ரொட்டி எங்க வாங்கினீங்கன்னு கேளு."

இருபது வருடமாகக் கேள்வி கேட்டுப் பிழைக்கும் எனக்கு அது தோன்றியதில்லை. கேட்டேன். ஏழு பேர் நகரத்துக் கடைகளின் பெயரைச் சொன்னார்கள். ஒருத்தி, தான் உல்மோசாவை ஈஸ்டருக்குப் பார்த்ததோடு சரி, அதுவும் போன வருடத்து ஈஸ்டருக்கு என்றாள். இரண்டே பேர் உல்மோசாவின் ஒரே கடையில் ரொட்டி வாங்கியவர்கள். ஒருவர் கடைக்காரம்மாவே.

ஆயிரத்து நானூற்றுப் பத்தில் இரண்டு. ஆயிரத்துக்கு ஒன்றரைகூட இல்லை.

டாக்டர் லெயோன்தின் பட்டியலை இரண்டு முறை படித்துவிட்டு ஒத்துக்கொண்டார். வியாழக்கிழமையிலிருந்து எங்கள் மாவட்டத்தில் வாழும் இடத்தை வைத்தே எண்ணுவோம் என்றார். செவ்வாய்க்கிழமை பத்தே காலுக்கு சகாரியா அழைத்தபோது, அக்கா வழக்கத்துக்கு மாறாக முதலில் பேசினார்.

"அண்ணே, சனிக்கிழமை மூணாவது நாள் முடியுது. ஞாயித்துக்கிழமை நீங்க உள்ள போகலாம்."

"சவரம் பண்ணிக்கணும்," என்றார் சகாரியா.

புதன்கிழமை மதியம் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். பீன்ஸ் சூப், ஊறவைத்த முட்டைக்கோஸ். அந்த மாதம் நடந்த தேர்தலைப் பற்றி நான் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தேன். எங்கள் வாக்குச்சாவடியில் வந்தவர்களைவிடப் பட்டியலில் செத்தவர்கள் அதிகம் என்று. அக்கா கரண்டியை அப்படியே தட்டில் வைத்தார்.

அவருடைய கணவர் பதினாறு வருடத்துக்கு முன் இத்தாலிக்குக் கட்டட வேலைக்குப் போனவர். போனவர் போனவர்தான். புத்தாண்டுக்கு ஒரு அட்டை வரும். ஆனால் வாக்காளர் பட்டியலில் இன்றும் அக்காவின் பெயருக்குக் கீழே அவர் பெயர். அதே வீடு, அதே மாடி. இதைப் பற்றி அக்கா என்னிடம் பேசியது அந்த ஒரு முறைதான், அதுவும் கணக்கு சொல்வதற்காக.

"பதிவேட்டுல என் வீட்டுல ரெண்டு பேர் லுக்ரேசியா. உல்மோசாவுல ஆயிரத்து நானூத்துப் பத்துப் பேர். நான் ஏழு பேரை மேல இருந்து எடுத்தேனே, கீழ இருந்து எடுத்தேனா?"

மேசையில் விரலால் ஒரு வகுத்தல் கோடு போட்டு, அதன் மேலும் கீழும் தொட்டுக் காட்டினார்.

"நகரத்துல இருக்கிறவன் நோயாளிக் கணக்குல கிடையாதுன்னா, ஊர்க் கணக்குலயும் கிடையாது. இத்தாலியில இருக்கிறவனும் கிடையாது. நான் பாதிக் கணக்குதான் போட்டிருக்கேன்."

எனக்கு உடனே தோன்றியது ஞாயிற்றுக்கிழமைதான். அதைச் சொன்னேன். டாக்டர் ஒத்துக்கொண்டுவிட்டார். அந்தக் கிழவர் சவரக்கத்தி தீட்டிக்கொண்டிருப்பார். இதை யாரும் கண்டுபிடிக்கப்போவதில்லை என்றேன். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது, ஆனால் சொன்னேன்.

அக்கா கோபப்படவில்லை. "அந்த இல்லத்துல முப்பத்தெட்டுப் பேர் இருக்காங்க," என்றார். "அக்லாயாவும் அதுல ஒருத்தி."

மறுநாள் காலை அலுவலக வண்டியில் உல்மோசாவுக்குப் போனோம். கடுங்குளிர், காற்றே இல்லை. கல்லறை மேட்டில் வண்டியை நிறுத்தினால் ஊர் முழுக்கத் தெரியும். நானூறு வீடுகள், ஆனால் புகை எழுந்தது பாதிக்குச் சற்று அதிகமான வீடுகளில்தான். அந்தக் குளிரில் அடுப்பு எரியாத வீட்டில் ஆள் இல்லை. தபால்காரி பராஸ்கிவா எங்களோடு வந்து நின்று, ஒவ்வொரு புகைபோக்கியாகக் கைநீட்டிச் சொன்னார். இங்கே இருவர். இங்கே ஐந்து. இங்கே ஒரு கிழவியும் ஒரு பூனையும்.

"பூனையை எழுதிக்காதீங்க, அது ஓட்டுப் போடாது," என்றார்.

அக்கா எழுதிக்கொண்டே, மின்சார அடுப்பு வைத்திருக்கும் வீடுகள் எவை என்று கேட்டார். ஏழு வீடுகளைப் பராஸ்கிவா காட்டினார். அவற்றின் வாசலுக்கு நடந்தே போய், பனியில் காலடித் தடம் இருக்கிறதா என்று பார்த்தோம். ஆறில் இருந்தது. ஒன்றில் நரியின் தடம் மட்டும் இருந்தது.

எல்லாம் கூட்டி, முதியோர் இல்லத்தையும் சேர்த்து, அறுநூற்றுப் பன்னிரண்டு பேர்.

அக்கா வண்டியின் முன்பக்கத்தில் தாளை வைத்து வகுத்தார். கையுறையைக் கழற்றிவிட்டு இன்னொரு முறை வகுத்தார். அறுநூற்றுப் பன்னிரண்டில் இரண்டு என்றால் ஆயிரத்துக்கு மூன்றேகால். மூன்றுக்கு மேலே.

சகாரியாவின் வீடு இருநூறு அடி தூரத்தில் இருந்தது. தொலைபேசியில் சொல்லிவிடலாம் என்றேன். அக்கா நடந்துபோனார். வேலிக்கு வெளியே முகக்கவசத்தோடு நின்றார். சகாரியா வாசல்படியில் நின்றார். அதுவரை இருவரும் ஒருவரையொருவர் பார்த்ததில்லை. குள்ளமான, தோள் அகன்ற மனிதர். முகம் மழமழவென்று சவரம் செய்யப்பட்டிருந்தது, மூன்று நாள் முன்னதாகவே.

தப்பு தன்னுடையது என்று அக்கா ஆரம்பித்தார். பதிவேட்டை விளக்கினார், புகையை விளக்கினார், வகுத்தலை விளக்கினார். அவர் குறுக்கிடாமல் கேட்டார். முடிந்ததும், தான் ஏற்கனவே அக்லாயாவிடம் ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்று சொல்லிவிட்டதாகச் சொன்னார்.

"பரவாயில்ல. சொன்ன அஞ்சாவது நிமிஷம் மறந்திருப்பா. இந்த வியாதியில ஒரு வசதி இதுதான்." சிரிக்கப் பார்த்தார். "அப்போ எப்போ?"

அதையும் அக்கா வண்டியிலேயே போட்டு வைத்திருந்தார். கடைக்காரம்மாவின் பதினான்கு நாள் கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள் கழியும். அதிலிருந்து ஊரில் ஒரே ஒரு நோயாளி. ஆயிரத்துக்கு ஒன்றரைக்குச் சற்று மேல். மூன்று நாள் அப்படியே நின்றால், இருபத்தேழாம் தேதி, கிறிஸ்துமஸின் மூன்றாம் நாள், கதவு திறக்கும்.

"ஆனா புதுசா ஒரே ஒருத்தருக்கு வந்தாலும் கிடையாது அண்ணே. அறுநூத்துப் பன்னிரண்டு பேர்ல ஒரே ஒருத்தர்."

"நடுவுல இக்னாத் வருதே," என்றார் சகாரியா.

அவர் சொன்ன பிறகுதான் அது எங்கள் இருவருக்கும் உறைத்தது. டிசம்பர் இருபது, புனித இக்னாத்தியுஸ் நாள். வீட்டுக்கு வீடு பன்றி அறுக்கும் நாள். முற்றத்தில் வைக்கோலைக் கொளுத்தி உரோமம் பொசுக்கி, முதல் கறியை அங்கேயே பெரிய வாணலியில் பொரித்து, உதவிக்கு வந்தவர்கள், அக்கம்பக்கம், நகரத்திலிருந்து வந்த பிள்ளைகள் எல்லோரும் ஒரே மேசையைச் சுற்றி நின்று தின்பார்கள். ஒரே கோப்பையில் பிளம் சாராயம் சுற்றிவரும்.

"இந்த ஊருல கத்தி வைக்கிறது யாரு?" என்று கேட்டார் அக்கா.

"நான்தான். ஐம்பத்திரண்டு வருஷமா. போன வருஷம் பத்தொன்பது வீடு." அவர் தோள் ஒரு கணம் நிமிர்ந்தது. "இந்த வருஷம் ஒரு யோசனை வச்சிருக்கேன். கூட்டம் போடாத வீட்டுக்குத்தான் வருவேன்னு சொல்லிடறேன். தனியா சாப்பிடுங்க, இல்லேன்னா பன்னிகூட நீங்களே மல்லுக்கட்டுங்கன்னு."

அக்கா என்ன சொல்லப்போகிறார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அதைச் சொல்ல அவருக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்தது என்றும் தெரிந்தது.

"அண்ணே, அன்னைக்கு எல்லா வீட்டு வாசலையும் மிதிக்கிற ஒரே ஆள் நீங்க. ஒரு வீட்டுல இருந்து இன்னொரு வீட்டுக்குக் கொண்டுபோகணும்னா உங்க மூலமாத்தான் போகும்."

சகாரியா தன் கைகளைப் பார்த்தார். பிறகு, எங்களை வேலியிலேயே நிற்கச் சொல்லிவிட்டு உள்ளே போனார். ஒரு ஜாடி பிளம் பழப்பாகைக் கொண்டுவந்து வேலிக் கம்பத்தின் மேல் வைத்துவிட்டுப் பின்வாங்கினார். வந்தவர்களை வெறுங்கையோடு அனுப்புவது வழக்கமில்லை.

மீதியைப் பராஸ்கிவாதான் தொலைபேசியில் சொன்னார். சகாரியா அந்த ஆண்டு எந்த வீட்டுக்கும் போகவில்லை. முதுகு பிடித்துக்கொண்டது என்று பொய் சொல்லவும் இல்லை. என் பெண்டாட்டியைப் பார்க்கணும், அதனால் வரமாட்டேன் என்று வெளிப்படையாகச் சொன்னார். கேலி செய்தார்கள். கிழவருக்கு இந்த வயதில் காதல் வந்துவிட்டது, பன்றிகள் தேவாலயத்தில் மெழுகுவத்தி ஏற்றுகின்றன என்றெல்லாம் கடை வாசலில் பேச்சு. ஆனால் ஐம்பத்திரண்டு வருடம் ஒருவரே கத்தி வைத்த ஊரில் மற்றவர்களுக்குக் கை வராது. பன்றியைத் துடிக்கவிட்டுக் கொல்வதைப் பாவம் என்றும் அவமானம் என்றும் நினைப்பவர்கள். எல்லோரும் பிப்ரவரிக்குத் தள்ளிப் போட்டார்கள். பன்றிகள் இன்னும் கொஞ்சம் கொழுத்தன.

ஒரு வீடு மட்டும் தள்ளிப்போடவில்லை. மரம் அறுக்கும் பட்டறை வைத்திருந்த ஒக்தாவ் அடுத்த ஊரிலிருந்து ஆள் கூட்டிவந்தார். நகரத்திலிருந்து அவருடைய மச்சானும் வந்தார். பதினோரு பேர் வாணலியைச் சுற்றி நின்றார்கள்.

இருபத்து நான்காம் தேதி உல்மோசாவின் கோடு முதன்முறையாக மூன்றுக்குக் கீழே இறங்கியது. அக்கா தாளைத் தூக்கி எனக்குக் காட்டினார். இருபத்தைந்தும் அப்படியே. அந்த ஆண்டு எங்களுக்குக் கிறிஸ்துமஸ் விடுமுறை இல்லை.

இருபத்தாறாம் தேதி பட்டியல் வந்தது. உல்மோசாவில் புதிதாக ஒருவரும் இல்லை. அக்கா புள்ளி வைக்கப் பென்சிலை எடுத்தபோது தொலைபேசி அடித்தது. பத்தே கால்.

நான் இன்னொரு ரிசீவரில் கேட்டுக்கொண்டிருந்தேன். சகாரியாவின் குரல் வழக்கத்தைவிட மெதுவாக இருந்தது. முதலில் நகரத்துப் பட்டியலில் ஒரு பெயர் இருக்கிறதா என்று கேட்டார். பெயரைச் சொன்னார். அக்கா தேடினார், இருந்தது. முந்தின நாள் சோதனை, நகரத்து முகவரி, தொற்று உறுதி.

"அது ஒக்தாவோட மச்சான். அட்டை நகரத்து அட்டை. ஆனா இருபதாம் தேதியில இருந்து இங்கதான் கிடக்கான். சோதனைக்குப் போயிட்டு மறுபடி இங்கதான் வந்து படுத்திருக்கான். ராத்திரியெல்லாம் இருமல். பராஸ்கிவா சொன்னா. உங்க பட்டியல்ல அவன் எங்க கணக்குல வரமாட்டான்னு நினைச்சேன். அதான் கூப்பிட்டேன்."

அக்கா பென்சிலைப் பிடித்த கையை அசைக்கவே இல்லை. "அண்ணே, நீங்க சொல்லாம இருந்திருந்தா..."

"தெரியும்மா."

"நாளைக்குக் கதவு திறந்திருக்கும்."

"தெரியும்மா. நான் விசாரிச்சுட்டுத்தான் கூப்பிடுறேன். ரொட்டி இங்கதானே தின்னுறான் அவன்." அந்த ரொட்டிக் கேள்வி ஊரெல்லாம் பரவியிருந்தது போல. "அந்த இல்லத்துல வேலை பார்க்கிற பொண்ணு ஒக்தாவ் வீட்டுக்கு ரெண்டு வீடு தள்ளித்தான் இருக்கா. அவளுக்குச் சொல்லிடுங்க. முதல்ல அதைப் பண்ணுங்க."

நான் உடனே அந்தப் பெண்ணை அழைத்தேன். அவர் ஒக்தாவ் வீட்டுப் பக்கம் போகவில்லை. ஆனாலும் ஐந்து நாள் வேலைக்கு வராமல் வீட்டில் இருக்க ஒத்துக்கொண்டார். அக்கா உல்மோசாவில் ஒருவரைக் கூட்டினார். மறுபடியும் மூன்றேகால். புள்ளியை வைத்தார். நான் அவர் முகத்தைப் பார்க்காமல் என் பட்டியலைப் பார்த்தேன்.

டாக்டர் லெயோன்தினிடம் அக்கா தானே போய்ச் சொன்னார். நகரத்து அட்டைக்காரனைக் கிராமத்தில் சேர்ப்பதா என்று அவர் முதலில் தயங்கினார். பிறகு, இதை யார் கண்டுபிடித்தது என்று கேட்டார். அக்கா சொன்னதும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மூன்று நாள் விதியை அவர் தளர்த்தவில்லை, அக்காவும் கேட்கவில்லை. ஆனால் மறுநாள் ஞாயிற்றுக்கிழமையாக இருந்தும் ஒக்தாவ் வீட்டுப் பதினோரு பேருக்கும் சோதனை செய்ய வண்டி அனுப்பினார்.

இருபத்தேழாம் தேதி, உல்மோசாவின் பழைய இரண்டாவது நோயாளியின் பதினான்கு நாள் கழிந்தது. ஆக, மச்சான் ஒருவர்தான் கணக்கில் நின்றார். மூன்றுக்குக் கீழே, முதல் நாள். பதினோரு பேரின் முடிவுகள் இருபத்தெட்டாம் தேதி வரவேண்டும். வந்தபோது அக்கா பட்டியலை என்னிடம் கொடுத்து, நீயே படி என்றார். மச்சானைத் தவிர ஒருவருக்கும் இல்லை. ஒக்தாவ் வாணலியை முற்றத்தில், காற்றில் வைத்தது காப்பாற்றியதா, வேறு ஏதாவதா, எங்களுக்குத் தெரியாது. தெரியாததை அக்கா எழுதவில்லை. இரண்டாம் நாள், மூன்றாம் நாள் என்று புள்ளிகளை மட்டும் வைத்தார்.

முப்பதாம் தேதி காலை பத்தே காலுக்குத் தொலைபேசி அடிக்கவில்லை. அந்த நேரத்துக்கு சகாரியா இல்லத்தின் உள்ளே இருந்தார்.

பிற்பகலில்தான் அழைத்தார். அரைமணி நேரம் தந்தார்களாம், கூடத்தில், ஜன்னலைத் திறந்துவைத்து, இரண்டு மீட்டர் தள்ளி, முகக்கவசத்தோடு. அக்லாயா மெலிந்திருந்தார், தலையை நன்றாக வாரிவிட்டிருந்தார்கள். அடையாளம் தெரிந்ததா என்று கேட்க அக்காவுக்கு வாய் வரவில்லை. சகாரியாவே சொன்னார்.

"என்னை அவ அண்ணன்னுதான் நினைச்சா. உட்காருண்ணான்னு சொன்னா. நானும் உட்கார்ந்தேன். அப்புறம் அவளே ஆரம்பிச்சா. சகாரியா இன்னும் வரலியேன்னு நீ தப்பா நினைக்காதேண்ணா, இது இக்னாத் நேரம், ஊரெல்லாம் அவரைத்தான் கூப்பிடும், அவர் முடியாதுன்னு யாருக்கும் சொல்லமாட்டார், எல்லா வீட்டையும் முடிச்சிட்டு நேரா இங்கதான் வருவார்னு சொன்னா."

அக்கா ரிசீவரை இன்னொரு காதுக்கு மாற்றிக்கொண்டார். "நீங்க என்ன சொன்னீங்க அண்ணே?"

"நான் என்னத்தச் சொல்ல. ஆமா, வருவார்னு சொன்னேன். மீதி நேரம் பூரா அவ பேசினதைக் கேட்டுக்கிட்டு இருந்தேன்." கொஞ்சம் இருமினார், அக்கா சட்டென்று நிமிர, இது குளிர்ல வர்ற இருமல்தான் என்று அவசரமாகச் சேர்த்துக்கொண்டார். பிறகு சொன்னார்:

"என்னைப் பத்தி நல்லாத்தான் சொல்றா."